இது யாருடைய வரி?

சென்ற இதழில் இத்தாலியக் கவி பெட்ரார்க்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். எலத்தகிரிப் பக்கத்துப் பையன் குருமடத்தில் நாலு வருஷம் லத்தீன் படித்துவிட்டு, பாதியில் வெளியே வந்து தமிழ் வாத்தியாராகிவிட்டால் இப்படித்தான். வாய்ப்புக் கிடைத்த இடத்தில் லத்தீனை நுழைத்துவிடுவான். ஆனால் இத்தனை கடிதம் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: எம்.ஏ. தமிழ் படிக்கிறேன் சார். ஒப்பிலக்கியத் தாளுக்கு, பெட்ரார்க்கின் 'ஆப்பிரிக்கா' வெர்ஜிலின் 'ஈனியட்'டைப் பின்பற்றியது என்று எழுதினேன். "அப்படின்னா காப்பிதானே?" என்று வகுப்பில் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. காப்பிதானா? — பென்னாகரம் வாசகி

காப்பி இல்லை அம்மா. ஆனால் உங்கள் வகுப்பில் கேட்டதை மட்டமாக நினைக்காதீர்கள். பெட்ரார்க்கே வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈனியட் 12 காண்டம், 10,000 வரிக்குக் கொஞ்சம் குறைவு. எரிகிற டிராய் நகரத்திலிருந்து அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறும் ஈனியஸ், கடலெல்லாம் அலைந்து இத்தாலி வந்து சேரும் கதை. கி.மு. 19-இல் ரோமக் கவி வெர்ஜில் இறந்தபோது அது கடைசித் திருத்தம் பெறாமல் கிடந்தது. 1,350 ஆண்டு கழித்துப் பெட்ரார்க் அதே லத்தீனில், அதே ஆறு சீர் அடியில், ரோமத் தளபதி ஸ்கிப்பியோ வட ஆப்பிரிக்காவின் கார்தேஜ் நகரத்து ஹானிபலை வென்றதை 9 காண்டமாகப் பாடினார். சரித்திரம் ரோம வரலாற்றாசிரியர் லிவியிடமிருந்து வந்தது. முதல் இரண்டு காண்டத்தில் வரும் கனவு ரோமப் பேச்சாளர் சிசெரோவிடமிருந்து. விஷம் குடித்துச் சாகும் ராணி சொஃபோனிஸ்பா வாயைத் திறந்தால், ஈனியஸ் கைவிட்டுப் போன ராணி, வெர்ஜிலின் டைடோ பேசுகிறாள்.

'ஆயுதங்களையும் ஒரு மனிதனையும் பாடுகிறேன்' என்பது வெர்ஜிலின் தொடக்கம். 'தகுதியால் விளங்கியவன், போரில் அஞ்சத்தக்கவன், அந்த மனிதனை எனக்குச் சொல்வாய், கலைமகளே' என்று இவர் ஆரம்பிக்கிறார். மனிதன் என்பதற்கு லத்தீனில் 'விரும்'. அந்த ஒரு சொல்லைக் காப்பிய வாசலில் வைத்துவிட்டாலே போதும், படித்தவனுக்கு ஈனியட் நினைவு வந்துவிடும். கம்பர் 'உலகம் யாவையும்' என்கிறார். சேக்கிழார் 'உலகெலாம்' என்கிறார். அதற்கெல்லாம் முன்னால் நக்கீரர் 'உலகம் உவப்ப' என்று தொடங்கிவிட்டார். யாரும் யாரையும் காப்பி என்று சொன்னதில்லையே. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரிந்தவன் அந்த வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

பெட்ரார்க்குக்கு அந்த வீடு எவ்வளவு சொந்தம் என்பதற்கு அவரிடம் இருந்த வெர்ஜில் பிரதியே சாட்சி. 1326 நவம்பர் 1-ஆம் தேதி அது திருடு போனது. 1338 ஏப்ரல் 17-ஆம் தேதி அவின்யோனில் திரும்பக் கிடைத்தது. இரண்டு தேதியையும் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். பிறகு சிமோனே மார்த்தினி என்ற பெரிய ஓவியரைக் கொண்டு முகப்புக்குப் படம் வரைய வைத்தார். அவர் காதலித்துப் பாடிய லாரா இறந்த செய்தியை 1348-இல் எழுதிக்கொண்டதும் அதே புத்தகத்தின் ஏட்டில்தான். இன்று அது மிலான் நகரத்து அம்புரோசியானா நூலகத்தில் இருக்கிறது. புத்தகம் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்குமோ என்னவோ, ஒரு பெரிய வெள்ளியன்று மலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஆப்பிரிக்கா எழுதும் எண்ணம் தோன்றியது என்று அவரே சொல்கிறார். இரண்டையும் நான் சேர்த்துத்தான் பார்க்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நண்பர் பொக்காச்சியோவுக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சாரம் இது: ஒரே ஒரு முறை மேலோட்டமாகப் படித்த நூலின் வரி என் எழுத்தில் வந்தால், அது அடுத்தவர் சொத்து என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். ஆபத்து அங்கே இல்லை. வெர்ஜில், ஹொரேஸ், சிசெரோ இவர்களையெல்லாம் காலையில் சாப்பிட்டு மாலையில் செரித்தேன். சிறுவனாக விழுங்கியதை வயதான பின் அசைபோட்டேன். அது என் எலும்புக்குள் போய்விட்டது. அதனால் சில சமயம் அது யாருடையது என்பதே மறந்துவிடுகிறது.

இது எனக்கு நடந்திருக்கிறது. எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு வாழ்த்துப்பா எழுதி வாசித்தேன். பதவியை விட்டுப் போகிறபோதும் அவர் முகம் 'சித்திரத்தின் அலர்ந்த செந்தாமரை' என்று பாடினேன். பலத்த கைதட்டல். சட்டத்தில் போட்டு அவர் கையிலும் கொடுத்தாகிவிட்டது. டீ குடிக்கும்போது பாரதப் பிரசங்கியார் ஒருவர் காதோரமாக வந்து, "வாத்தியாரே, அது அசோகவனத்துல சீதை நினைச்சுப் பாக்கிறது" என்றார். ராஜ்யத்தை ஏற்றுக்கொள் என்றபோதும் துறந்து போ என்றபோதும் மாறாத இராமன் முகம்! என் சொந்த உவமை என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

பெட்ரார்க்குக்கும் இதே கதிதான். 1366-இல் அவரிடம் பிரதி எடுத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன், அவருடைய ஆயர் பாடல் ஒன்றில் ஒரு வரி ஈனியட் ஆறாம் காண்டத்து வரி முடிகிற மாதிரியே முடிகிறது என்று காட்டிவிட்டான். மூன்றே சொல்: 'அத்குவே இன்தோனத் ஓரே', வாயால் இடி முழங்குகிறாள் என்று பொருள். பெட்ரார்க் அதிர்ந்துபோனார். பிரதிகள் ஊரெல்லாம் போய்விட்டன, இனிமேல் மாற்ற முடியாது, வெர்ஜிலிடம் நீயும் என்னோடு சேர்ந்து மன்னிப்புக் கேள் என்று பொக்காச்சியோவுக்கு எழுதினார். அதே கடிதத்தில்தான் அந்த நல்ல உவமையும் இருக்கிறது. பின்பற்றுவது என்றால் படத்துக்கும் ஆளுக்கும் உள்ள ஒற்றுமை கூடாது. மகனுக்கும் தகப்பனுக்கும் உள்ள ஒற்றுமை வேண்டும். மூக்கு வேறு, கண் வேறு, ஆனாலும் மகனைப் பார்த்தால் தகப்பன் நினைவு வரும். அதை அவர் 'உம்ப்ரா' என்கிறார், நிழல் என்று பொருள். நமக்குச் 'சாயல்' என்று இன்னும் நல்ல சொல்லே இருக்கிறது. உங்கள் கட்டுரையில் 'பின்பற்றியது' என்பதை அடித்துவிட்டு 'சாயல்' என்று போடுங்கள்.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள், வகுப்பு வாயடைத்துப் போகும். ஆப்பிரிக்கா முழுவதிலும் நல்ல பகுதி எது என்று கேட்டால் ஆறாம் காண்டத்தின் கடைசியைத்தான் சொல்வேன். ஹானிபலின் தம்பி மாகோ காயம்பட்டுக் கப்பலில் சாகிறான். மற்ற மிருகமெல்லாம் இருக்கிறதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது, மனிதன் மட்டும் நட்சத்திரத்துக்கு ஏணி வைக்கிறான், கடைசியில் தரை எங்கே என்று சாவு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி புலம்பல், 34 வரி. பெட்ரார்க் உயிரோடிருந்தபோது வெளியே போனது இந்த 34 வரி மட்டும்தான், அதுவும் ஒரு நண்பருக்குக் கொடுத்து அவர் மூலம் பரவியது. உடனே ஃபுளோரன்சில் விமர்சனம் கிளம்பியது: சாகிற புறச்சமயத்து இளைஞன் கிறிஸ்தவன் மாதிரி பேசுவதா? இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது, மனிதத்தன்மைதானே இருக்கிறது என்று சீறினார் இவர். அத்தோடு முடிந்ததா? 1781-இல் பாரிசில் சிலியஸ் இத்தாலிகஸ் என்ற பழைய ரோமக் கவியின் 'பூனிக்கா'வைப் பதிப்பித்த ஒருவர், இந்த வரிகள் சிலியசுடையவை, பெட்ரார்க் திருடிவிட்டார் என்று சொல்லி அவற்றை எடுத்து அந்த நூலுக்குள் சேர்த்து அச்சடித்துவிட்டார். பெட்ரார்க் கண்ணால் பார்க்காத நூல் அது. அவர் செத்து 40 ஆண்டுக்கு மேல் கழித்து, 1417 வாக்கில்தான் போஜ்ஜோ என்ற சுவடி வேட்டைக்காரர் அதைத் தேடி எடுத்தார். பெட்ரார்க் சொந்தமாக எழுதிய இடத்தைப் பார்த்துத்தான் திருட்டு என்றார்கள். என் தலைமையாசிரியருக்கு இது தெரியாது, தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

கேள்வி: லத்தீன் படித்தால் வேலை கிடைக்குமா? — ஓசூர் வாசகர்

எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ் படித்த பிறகு கிடைத்தது.

கேள்வி: மாங்காயை இழுக்காமல் ஒரு இதழாவது எழுதுவீர்களா சார்? — போச்சம்பள்ளி வாசகர்

வம்புக்கு நீங்கள்தான் இழுக்கிறீர்கள். வெர்ஜில் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதன் இரண்டாம் பாகத்தில் ஒட்டுக் கட்டுவது வருகிறது. ஒட்டுப் போட்ட மரம் கொஞ்ச காலத்தில் ஓங்கி வளர்ந்து, தன் புது இலையையும் தன்னுடையதல்லாத காயையும் பார்த்து வியக்கிறதாம். எனக்கு அவரிடம் மிகப் பிடித்த வரி இது.

போன ஆடியில் சந்தூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் உட்கார்ந்து இதை வேடிக்கை பார்த்தேன். கொட்டை போட்டு முளைத்த கன்று, பென்சில் தடிமன். அதன் தலையைக் கிள்ளுகிற மாதிரி பிளேடால் வெட்டி, நடுவில் ஒரு பிளவு. செந்தூரா மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கச் சுற்றி, மேலே ஐஸ் குச்சிக் கவர் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, அந்த அம்மா அடுத்த கன்றுக்குப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் வெர்ஜிலை அளந்தேன். அதே நூலில் அவர் சினார் மரத்தில் ஆப்பிள் காய்க்கிறது என்றும் சொல்கிறார். நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். "ஒரே இனமா இருந்தாத்தான் சார் புடிக்கும். வேற வேற வெச்சா பத்து நாள் பச்சையா இருக்கும், அப்புறம் கருகிடும்."

ஆப்பிரிக்காவின் பிரச்சினையும் அதுதான் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் தோன்றியது. லிவியின் சரித்திரத்தை வெர்ஜிலின் காப்பியத்தில் செருகினார் பெட்ரார்க். பல இடத்தில் பிடிக்கவே இல்லை. ஈனியசுக்குக் குற்றம் உண்டு. நம்பிய டைடோவை விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறான். ஸ்கிப்பியோவுக்கு ஒரு குற்றமும் கிடையாது. ஒன்பது காண்டமும் நல்லவனாகவே இருக்கிறான். வாலி வதம் இல்லாத இராமாயணத்தைப் படித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். மாகோ தோற்றவன், சாகிறவன். அதனால்தான் அந்த ஒரு குருத்து மட்டும் துளிர்த்தது.

பெட்ரார்க்கே நல்ல தோட்டக்காரர், தெரியுமா? என்றைக்கு என்ன நட்டேன், மண் எப்படி இருந்தது, எது பட்டுப்போனது என்று கையெழுத்துப் பிரதி ஒன்றின் காலியிடத்தில் குறித்து வைத்திருக்கிறார். கவிஞர்களுக்கு முடி சூட்டுகிற லாரல் மரத்தை நட்டு நட்டுப் பார்த்தார். அது எளிதில் வேர் பிடிக்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரைச் சுமக்கிற 'தகடூர் யாத்திரை' தொலைந்துவிட்டது. ரோமாபுரியிலும் இப்படித் தொலைந்த காப்பியம் உண்டா? — அதியமான்கோட்டை வாசகர்

உண்டு. பெட்ரார்க்கைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதியமான் நெடுமானஞ்சி மேல் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்த கதை. பாட்டு முழுதாக இல்லை. தொல்காப்பிய உரைக்காரர்கள் அங்கங்கே எடுத்துக்காட்டியதும், புறத்திரட்டில் தொகுத்ததுமாக உதிரிப் பாடல்கள் மட்டும் நிற்கின்றன. பாடிய ஊர் இருக்கிறது, பாட்டு இல்லை. அதியமான்கோட்டை வழியாக பஸ் போகும்போதெல்லாம் எனக்கு இது ஒரு கடன் மாதிரி உறுத்தும்.

ரோமர்களுக்கு என்னியஸ். வெர்ஜிலுக்கு முந்தியவர், கி.மு. 169-இல் இறந்தார். ரோமத்தின் வரலாற்றை 'அன்னாலேஸ்' என்று 18 காண்டம் பாடினார். அதில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 600 வரி, அதுவும் துண்டு துண்டாக, இலக்கணக்காரர்களும் சிசெரோ போன்றவர்களும் மேற்கோள் காட்டிய புண்ணியத்தில். ஸ்கிப்பியோவின் காலத்திலேயே வாழ்ந்து அவனைப் பாடியவர் அவர். அந்தப் பாட்டு இல்லை. சிலியசும் கையில் இல்லை. ஹோமராவது உண்டா என்றால், கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து ஒரு கிரேக்கப் பிரதி பரிசாக வந்தது. பெட்ரார்க்குக்குக் கிரேக்கம் வராது. ஹோமர் என் வரையில் ஊமை, அல்லது நான் அவர் வரையில் செவிடு என்று எழுதினார். பிறகு பொக்காச்சியோவும் அவரும் ஏற்பாடு செய்து லியோன்சியோ பிலாத்தோ என்பவரைக் கொண்டு சொல்லுக்குச் சொல் லத்தீனாக்கிப் படித்தார்கள்.

ஆக, வெர்ஜில் என்ற ஒரே மரம், சுற்றிலும் வெட்டிய அடிக்கட்டைகள். இந்த நிலையில் பெட்ரார்க் செய்ததுதான் விசேஷம். ஆப்பிரிக்காவின் ஒன்பதாம் காண்டத்தில் என்னியசையே கொண்டுவந்து ஸ்கிப்பியோவின் கப்பலில் ஏற்றிவிட்டார். வெற்றியோடு ஊர் திரும்புகிற கப்பல். என்னியஸ் தன் கனவைச் சொல்கிறார்: ஹோமர் தோன்றினார், ஒரு பள்ளத்தாக்கில் லாரல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இளைஞனைக் காட்டினார், பல நூற்றாண்டு கழித்துப் பிறக்கப்போகிற ஃபிரான்சிஸ் அவன், உன் ஸ்கிப்பியோவை அவன் மறுபடி பாடுவான் என்றார். ஃபிரான்சிஸ் வேறு யார், பெட்ரார்க்கேதான்! தற்பெருமைக்கு ஒரு அளவு வேண்டாமா என்று குருமடத்தில் முதலில் படித்தபோது சிரித்தேன். என்னியசும் தன் காப்பியத்தை ஹோமர் கனவில் வந்ததாகத்தான் தொடங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தொலைந்துபோன புத்தகத்திலிருந்து மிஞ்சிய செய்தி ஒன்றை எடுத்து, அதன் மேல் தன் கனவைக் கட்டியிருக்கிறார். நம்மில் ஒருவன் தகடூர் யாத்திரையைத் திரும்ப எழுத உட்கார்ந்தால் பொன்முடியாரையும் அரிசில்கிழாரையும் கனவில் கூப்பிடாமல் எப்படி எழுதுவான்?

அவரும் முடிக்கவில்லை. நாலாம் காண்டத்துக்குப் பின் பெரிய ஓட்டை. கடைசிவரை யாரிடமும் கொடுக்காமல் திருத்திக்கொண்டே இருந்து 1374-இல் இறந்தார். வெர்ஜேரியோ என்பவர் 1396-இல்தான் வெளியிட்டார். வெறும் விளையாட்டு என்று அவர் ஒதுக்கிய இத்தாலியப் பாட்டுகள் 366 இருக்கின்றன. உலகம் படிப்பது அவற்றைத்தான்.

கேள்வி: எங்கள் கூத்தில் படுகளத்தோடு நிறுத்தினால் ஜனம் எழுந்து போகாது. தருமர் பட்டாபிஷேகம் வைத்தே ஆகவேண்டும். ஈனியட் கொலையோடு முடிகிறது என்று எழுதினீர்கள். அங்கே ஜனம் சும்மா விட்டதா? — பாலக்கோடு, கூத்துக் கலைஞர்

விடவில்லை வாத்தியாரே. சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஈனியசின் எதிரி டர்னஸ் கீழே விழுந்து உயிர்ப்பிச்சை கேட்கிறான். ஈனியஸ் தயங்கி, பிறகு கோபத்தில் வாளை இறக்குகிறான். டர்னசின் உயிர் முனகிக்கொண்டே நிழலுக்குள் போகிறது. முற்றும். கல்யாணம் இல்லை, முடிசூட்டு இல்லை.

1428-இல் மஃபேயோ வெஜ்ஜோ என்ற 21 வயதுப் பையன் உட்கார்ந்து 13-ஆம் காண்டம் ஒன்றை எழுதிவிட்டான், 600 வரிக்கு மேல். டர்னசுக்கு ஈமக்கடன், ஈனியசுக்கும் லவீனியாவுக்கும் கல்யாணம், புது நகரம், கடைசியில் ஈனியஸ் வானுலகம் போவது வரை எல்லாம் உண்டு. அச்சு வந்த பிறகு வெர்ஜில் நூலோடு இதையும் சேர்த்தே வெகுகாலம் அச்சடித்தார்கள். கம்பர் யுத்த காண்டத்தோடு நிறுத்த, உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்று நாம் சொல்லிக்கொள்ளவில்லையா, அந்த மாதிரி. 1513-இல் இதை ஸ்காட்லாந்து மொழியில் பெயர்த்த கவின் டக்ளஸ், தான் மறுத்ததாகவும் வெஜ்ஜோ கனவில் வந்து தடியால் இருபது அடி போட்டு மொழிபெயர்க்க வைத்ததாகவும் எழுதியிருக்கிறார்.

வெஜ்ஜோவின் லத்தீன் நல்ல லத்தீன், வெர்ஜில் சாயலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு அது வேண்டாம். படுகளத்தில் துரியோதனன் மண்ணில் மல்லாந்து கிடக்க, திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு சட்டென்று ஒரு அமைதி வருமே, பம்பை நின்றுபோய், புழுதி மட்டும் பறந்துகொண்டு, வெர்ஜில் அங்கேயே நிறுத்திவிட்டார். உங்கள் ஜனத்துக்குப் பட்டாபிஷேகம் வைத்துத்தான் ஆகவேண்டும், அது சரி, அம்மன் காரியம். என்னைக் கேட்டால் நான் படுகளத்தோடு சைக்கிளை எடுத்துவிடுவேன்.

கேள்வி: லத்தீன் தெரியாத நாங்கள் இந்த ருசியைத் தமிழில் எங்கே பார்ப்பது? — பர்கூர் வாசகி

தேம்பாவணியில். வீரமாமுனிவர், பெஸ்கி, 1680-இல் பிறந்த காஸ்திலியோனே இத்தாலியில் மாந்துவா மாவட்டத்து ஊர். வெர்ஜிலும் மாந்துவாக்காரர்தான். இயேசு சபைப் பள்ளிகளுக்கு 1599-இல் ஒரு பாடத்திட்டம் வந்தது. அதில் வெர்ஜில் கட்டாயம், சில ஆயர் பாடல்களும் ஈனியட் நாலாம் காண்டமும் நீங்கலாக. டைடோவின் காதல் இருக்கிறதே! அந்தச் சபையில் வளர்ந்தவர், தமிழ்நாட்டுக்கு வந்து சிந்தாமணியையும் கம்பரையும் கற்று, 36 படலம், 3,615 பாட்டில் சூசையப்பர் காப்பியம் பாடினார். நாட்டுப் படலம் நகரப் படலம் எல்லாம் நம் முறைப்படி. குச்சி எது, கன்று எது என்று படித்துவிட்டு நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: பெட்ரார்க்குக்கு முடி சூட்டியது போப்பாண்டவர் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். 1341-இல் போப் ரோமிலேயே இல்லையே? — காரிமங்கலம் வாசகர்

தவறு என்னுடையது. அப்போது போப் இருந்தது அவின்யோனில். நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட் முதலில் பெட்ரார்க்கை மூன்று நாள் கேள்வி கேட்டுச் சோதித்தார். அதன் பிறகு 1341 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு அன்று ரோமின் காப்பித்தோல் குன்றில் முடி சூட்டியவர் செனட்டர் ஓர்சோ. ஆப்பிரிக்கா அப்போது ஆரம்ப நிலையில்தான் இருந்தது. முன்பணம் வாங்கிய மாதிரி. அந்த முடியை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் நேராக புனித பேதுரு கோயிலுக்கு நடந்து போய்ப் பீடத்தில் வைத்துவிட்டார்.